கைமாத்து

"யக்கா, கைமாத்து," என்றாள் சத்யா, உதடு அசையாமல்.

கிறிஸ்டினா திரும்பவில்லை. திரும்பினால் கூரையிலிருக்கும் கேமராவும் திரும்பும். கையிலிருந்த இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, இடது கையை மட்டும் மேசைக்குக் கீழே இறக்கினாள். ஐஸில் விறைத்த விரல்கள் அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன. கறுப்புப் பட்டை ஒன்று சுற்றிக்கொண்டது. கொக்கி விழுந்த சத்தம் குழாய்த் தண்ணீரின் சத்தத்தில் அமுங்கிப் போனது. கை மேலே வந்தது, அடுத்த இறாலை எடுத்தது. எதிர்ச்சுவரின் பெரிய திரையில் சத்யாவின் எண் ஒரு கணம் மஞ்சளாகி, மறுபடி பச்சையானது.

"சீக்கிரம் வந்து சேரு. ரெண்டு கையும் கட்டிக்கினு நான் இன்னா கரகமா ஆடறது?"

"அடிவயிறு நெருப்பா எரியுதுக்கா. இதோ வந்துட்டேன்."

வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோட்டு குனிந்து நழுவியது. ரப்பர் பூட்ஸ் 'சளக் சளக்' என்று பின்பக்க நடைக்குள் போய்த் தேய்ந்தது.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் சாலையில் இருந்தது அந்த இறால் கம்பெனி. கோட்டைக்குப்பத்து மீனவப் பெண்களும், உள்ளே நெல் வயல் பக்கத்து ஊர்ப் பெண்களும் ஒரே வேனில் வந்து ஒரே வரிசையில் நிற்பார்கள். தலை கிள்ள வேண்டும், ஓடு உரிக்க வேண்டும், முதுகைக் கீறி நரம்பை இழுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி. விரல் நுனிகள் முதலில் வலிக்கும், பிறகு மரத்துப் போகும், வீட்டுக்குப் போய் அடுப்பருகே உட்கார்ந்ததும் வட்டியும் முதலுமாக வலிக்கும். கிறிஸ்டினா கோட்டைக்குப்பம். சத்யா, சுண்ணாம்புக்குளம் பக்கத்தில் நெல் போடும் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இறாலின் மீசை குத்தி விரல் வீங்கி அழுதவளுக்கு, கிறிஸ்டினாதான் மஞ்சள் வைத்துக் கட்டினாள். அன்றிலிருந்து மேசையில் அவளுக்குப் பக்கத்து இடம் சத்யாவுடையது.

பட்டை இந்த மழைக்காலம் முடிந்த கையோடு வந்தது. சூப்பர்வைசர் மனோஜ் எல்லோரையும் முற்றத்துப் புங்கமரத்தடியில் நிற்கவைத்து, டேப்லெட்டைக் கையில் ஏந்திக்கொண்டு விளக்கினான். கண்ணாடி போட்ட, சாந்தமான பையன். யாரையும் ஏக வசனத்தில் பேசமாட்டான்.

"இது உங்க பாதுகாப்புக்குதான். தீ கீ புடிச்சா யார் எங்க இருக்காங்கனு இதுல தெரிஞ்சுடும். யாரும் உள்ள மாட்டிக்க மாட்டீங்க."

அவன் பொய் சொல்லவில்லை. மிச்சத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கை கொஞ்ச நேரம் ஓய்ந்தால் பட்டை குறுகுறுவென்று அதிரும். அதிர்ந்த பிறகும் ஓய்ந்தால் சுவர்த் திரையில் எண் சிவக்கும். வரிசையைவிட்டு விலகினால் கம்பெனி கொடுத்த ஓய்வு நேரத்தில் நிமிஷம் கழியும். கழிய நிமிஷம் மிஞ்சாதவள் மறுநாள் வேனில் ஏற வேண்டாம். சாயங்காலம் வாசல் கருவியில் பட்டையைக் காட்டினால்தான் அது ஓயும். மறந்து வீட்டுக்குப் போனவளின் பட்டை ராத்திரியெல்லாம் அவளை எழுப்பிக்கொண்டே இருந்ததாம்.

"கம்பெனி நமக்கு வளைகாப்பு போட்டுகீது," என்றாள் வரிசையிலேயே மூத்தவளான சூசையம்மாள். "புள்ளதான் எப்போ பொறக்கும்னு தெரியல." மரத்தடி முழுக்கச் சிரித்தது. மனோஜும் சிரித்துவிட்டான்.

சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். காலையில் வேனில் ஏறும்போது பாட்டிலில் இருந்த தண்ணீர் சாயங்காலமும் பாட்டிலிலேயே இருந்தது. கேட்டால் ஐஸ்ல நிக்கறோம், தாகம் எங்க எடுக்குது என்பார்கள். சத்யாவுக்குத்தான் முதலில் காய்ச்சல் வந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நீர்க்கடுப்புக்கு மாத்திரை எழுதிவிட்டு, குடம் குடமாய்த் தண்ணீர் குடி, வந்தால் அடக்காதே என்று திட்டி அனுப்பினாள். எங்கே போய்ச் சொல்வது, பட்டைக்கு நீர்க்கடுப்பு தெரியாது என்று?

கிறிஸ்டினாதான் வழி கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாள் என்றும் சொல்ல முடியாது. கம்பெனி வருவதற்கு முன் ஏரிக்கரைக் கொட்டகையில் இறால் உரித்த காலத்திலேயே இருந்த வழக்கம்தான். ஊரில் கைமாத்து என்றால் பணம். கொட்டகையில் கைமாத்து என்றால் கை. ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனால் பக்கத்திலிருப்பவள் அவள் கூடைக்கும் சேர்த்து உரிப்பாள். போனவள் வந்து இன்னொரு நாள் இவள் கூடையில் கை வைப்பாள். யாரும் கணக்கு வைத்ததில்லை. அதே வழக்கம் இப்போது பட்டைக்கு மாறியது. ஒரு மணிக்கட்டில் தன்னுடையது, இன்னொன்றில் தோழியுடையது. இறால் உரிக்க இரண்டு கையும் ஆடத்தானே வேண்டும்? பட்டைக்கு ஆடும் கை போதும், யாருடைய கை என்று அது கேட்கவில்லை.

ஆபத்து ஒன்றுதான். பட்டையில்லாமல் வாசல் தாண்டினால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். அதற்கும் கிறிஸ்டினா ஒரு சட்டம் போட்டிருந்தாள். "மணி அடிச்சாலும் சரி, மானமே இடிஞ்சாலும் சரி, மொதல்ல எங்கிட்ட வா. பட்டைய வாங்கிக் கட்டிக்கினு அப்பால வாசலுக்குப் போ. நான் இல்லேன்னா ஐஸ் தொட்டில கைய வுட்டுத் தேடு. அதுல போட்டுட்டுப் போறேன்."

சத்யா அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை.

முதலில் வந்தது வாடைதான். கொஞ்சம் கேஸ் வாடை எப்போதும் இருக்கும், குளிரூட்ட அமோனியா ஓடும் கம்பெனி. யாரும் மூக்கைச் சுளிப்பதுகூட இல்லை. ஆனால் இன்றைக்கு அது வாடையாக நிற்கவில்லை. கண்ணில் ஊசியாக ஏறியது. சூசையம்மாள் இருமினாள். அவளுக்கு அடுத்தவள் இருமினாள். பின்பக்கக் கம்ப்ரஸர் அறையிலிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம், லாரி டயர் வெடித்து நீளமாக மூச்சு விடுவதுபோல. பிறகு சைரன்.

கத்திகளும் கூடைகளும் தரையில் விழுந்தன. பூட்ஸ் ஜோடிகள் முன்வாசலை நோக்கி ஓடின. யாரோ முதுகில் மோதினார்கள், யாரோ முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். கிறிஸ்டினா கண்ணைத் திறக்கவே முடியாமல் அந்த வெள்ளத்தோடு வெளியே வந்து விழுந்தாள். புங்கமரத்தடியில் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அறைந்துகொண்டபோதுதான், இடது மணிக்கட்டில் ஏதோ கனத்தது.

ஐஸ் தொட்டியில் போடவில்லை. போட நினைக்கவேயில்லை.

"சத்யா?" என்றாள். இருமிக்கொண்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். "சத்யாவப் பாத்தீங்களாடி?"

இல்லை.

மனோஜ் டேப்பை வெயிலுக்கு மறைத்துப் பிடித்தபடி விரலால் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி பரவியது. "நாற்பதும் பச்சை. எல்லாரும் வெளிய வந்துட்டீங்க. உள்ள யாருமே இல்ல." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இதற்காகத்தான் இவ்வளவும் என்பது போல.

பக்கவாட்டு வழியாகக் கம்ப்ரஸர் ஆபரேட்டர் தேவதாஸ் ஓடிவந்தான். முகமூடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தான். கம்பெனியில் முகமூடி இரண்டு உண்டு. ஒன்றின் ஃபில்டரை மாற்றி வருஷங்கள் ஆகின்றன. இன்னொன்று இது.

"வால்வ மூடிட்டேன் சார். ஆனா ஹாலுக்குள்ள பூந்துடுச்சு. ஷட்டர இறக்கிட்டு உள்ள தண்ணி பீச்சி வுடணும். காத்து வேற ரோட்டுப் பக்கமா அடிக்குது. எதுத்தாப்புல பள்ளிக்கூடம். இறக்கவா?"

கிறிஸ்டினாவின் தோளில் ஒரு கை அழுந்தியது. சூசையம்மாள். அவளுக்கு முட்டி தேய்ந்துபோய், மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் உட்காராவிட்டால் நிற்கவே முடியாது. அவள் பட்டையும் தினம் ஒரு கை மாறும்.

"பின்வாசல் வழியா ஓடியிருப்பாடி. கம்முனு இரு," என்று காதுக்குள் சொன்னாள். "நீ கையக் காட்டினா அத்தோட போச்சு. எல்லாருக்கும்தான். நாளைலேர்ந்து ஒருத்தியும் ஒண்ணுக்குப் போவ முடியாது."

பொய்யில்லை. ஓடியிருக்கலாம்தான். பின்வாசல் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தள்ளினால் திறக்கும். சத்யா இந்நேரம் பின்பக்க முள்வேலியோரம் பத்திரமாக நின்றுகொண்டிருக்கலாம். அப்படி இருந்தால், வாயைத் திறப்பது நாற்பது பேர் வயிற்றில் அடிப்பது.

அப்படி இல்லையென்றால்?

"இறக்குங்க," என்றான் மனோஜ்.

ஷட்டர் கிறீச்சிட்டது.

"சார்!" கிறிஸ்டினா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். கோட்டுக் கை முழங்கை வரை சரிந்தது. ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒரு கறுப்புப் பட்டை. "சத்யா உள்ள இருக்கா சார்!"

மனோஜ் டேப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி டேப்பைப் பார்த்தான். "இல்லையே, சத்யா வெளியதானே இருக்காங்க? காட்டுதே. மரத்தடியில, உங்களுக்குப் பக்கத்துலயே..."

"அது நான்தான் சார்! இந்தக் கை நானு, இந்தக் கை அவ! அவ கக்கூசுக்குப் போயிருக்கா!"

அவனுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. தேவதாஸ் அதற்குள் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு பின்பக்கம் ஓடியிருந்தான். பாதி இறங்கிய ஷட்டர் அப்படியே நின்றது. அதன் அடியிலிருந்து வெள்ளைப் புகை நாக்கு நீட்டியது. யாரோ பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல ஓடினார்கள். யாரோ மாதாவைக் கூப்பிட்டார்கள், யாரோ எல்லையம்மனைக் கூப்பிட்டார்கள்.

தேவதாஸ் தனியாகத் திரும்பி வந்தான்.

"யாரும் இல்ல. கக்கூஸ் கதவெல்லாம் தொறந்து கெடக்குது. பின்வாசலும் தொறந்திருக்குது."

"நான் சொன்னேன்ல?" என்றாள் சூசையம்மாள், அழுகையும் கோபமுமாக. "போயிட்டாடி அவ. வேலியோரம் பாருங்க."

வேலியோரம் பார்த்தார்கள். அங்கே ஒரு நாயும் உப்பு பூத்த மண்ணும்தான் இருந்தன.

"வயல் பக்கமா ஓடியிருப்பாங்க," என்றான் மனோஜ், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "கதவு திறந்திருக்கே. திறந்துகிட்டு வெளிய வந்தவங்க திரும்பி உள்ள எதுக்குப் போகப் போறாங்க?"

அப்போது கிறிஸ்டினாவின் இடது மணிக்கட்டில் பட்டை குறுகுறுத்தது. கை ஓய்ந்துவிட்டது, ஆட்டு, என்றது.

அவளுக்கு எல்லாம் ஒரே வெளிச்சத்தில் தெரிந்தது. சைரன் அடிக்கிறது. சத்யா பின்வாசலைத் தள்ளித் திறக்கிறாள். நல்ல காற்று முகத்தில் அடிக்கிறது. ஒரு எட்டு வைத்தால் பிழைத்துவிடுவாள். வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்கிறாள். மணி அடிச்சாலும் சரி, மானமே இடிஞ்சாலும் சரி.

"எதுக்குப் போவாளா? இதுக்குத்தான் சார்!" பட்டையை அவன் முகத்துக்கு நேரே நீட்டிக் கத்தினாள். "இதத் தேடிக்கினு எங்கிட்ட வந்திருக்கா! தேவதாசு, எங்க மேசைகிட்ட பாரு! ஐஸ் தொட்டிகிட்ட!"

சொல்லிக்கொண்டே துப்பட்டாவைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து முகத்தில் சுற்றினாள். மனோஜ் அவள் கையைப் பிடித்தான். "போகாதீங்கக்கா, செத்துடுவீங்க!" அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் உதறினாள். அவன் டேப்பைத் தரையில், தண்ணீர் தேங்கிய இடத்திலேயே போட்டுவிட்டு, தரை கழுவும் ஹோஸ் குழாயை இழுத்துக்கொண்டு ஷட்டருக்கு ஓடினான். மழைபோல் தண்ணீர் வாசலில் விழுந்தது. அந்த மழைக்குள் முன்னே தேவதாஸ், பின்னே கிறிஸ்டினா, குனிந்து, பிறகு தவழ்ந்து.

உள்ளே எதுவும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் எரிந்தது, மூடினால் வழி தெரியவில்லை. ஆனால் வழிக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. கையில் பட்ட மேசைக் கால்களைத் தடவித் தடவி, தினம் வழுக்கும் அந்த உடைந்த சாக்கடை மூடியைத் தாண்டி, தன் மேசைக்கு வந்தாள். கை ஒரு பூட்ஸில் இடித்தது.

சத்யா தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி மண்டியிட்டிருந்தாள். முகம் ஐஸ் குவியலுக்குள் புதைந்திருந்தது. இரண்டு கைகளும் தோள்பட்டை வரை ஐஸுக்குள். விரல்கள் இன்னமும் லேசாக அசைந்தன, எதையோ தேடியபடி.

முகம் ஐஸில் புதைந்திருந்ததுதான் அவளைக் காப்பாற்றியது என்று பிற்பாடு பொன்னேரி அரசு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஈரம் கேஸைக் கொஞ்சம் குடித்துக்கொண்டதாம். நெஞ்சுக்குள் புண் இருக்கிறது, குரல் வர நாளாகும், கண்ணை இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சத்யாவின் கண்களில் பஞ்சுக் கட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கட்டிலருகே ஸ்டூலில் கிறிஸ்டினா. அவளுடைய குரலும் கட்டிப்போய்க் காற்றாகத்தான் வந்தது. ஜன்னலுக்கு அப்பால் கும்மிடிப்பூண்டிப் பக்கமாக ஒரு ரயில் போன சத்தம் கேட்டது. சத்யாவின் வீட்டுக்காரன் நாற்று நடவிலிருந்து சேற்றுக் காலோடு வந்து, கட்டில் கால்மாட்டில் சற்று நேரம் நின்றுவிட்டு, மருந்து வாங்கக் கீழே போயிருந்தான்.

மனோஜ் வாசலில் வந்து நின்றான். சட்டை காயவில்லை. டேப்பின் கண்ணாடி குறுக்காக விரிந்திருந்தது. ஆனாலும் எரிந்துகொண்டிருந்தது.

"எப்படி இருக்காங்க?"

"உசுரோட கீறா."

அவன் உள்ளே வந்தான். உட்காரச் சொல்வார்களா என்று தெரியாதவனாக நின்றான். "மேல ஆபீஸ்ல ரிப்போர்ட் கேக்கறாங்க. சிஸ்டம்ல... எல்லாரும் சரியா வெளிய வந்ததா இருக்கு. விபத்தே காட்டல. அந்த நேரத்துக்குச் சத்யா மரத்தடியிலதான் நிக்கறாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "பட்டைய வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அடுத்த மாசம் புதுசு வருதாம். பூட்டு வெச்சது. கழட்ட முடியாதாம். இனிமே இப்படி ஆகாதுங்கறாங்க."

"பூட்டு வெச்சதா?"

"ம்."

"அப்போ அவ ஒண்ணுக்குப் போவணும்னா இன்னா பண்ணுவா சார்?"

அவன் கையிலிருந்த டேப் கூவியது. ஹாலில் எந்த எண்ணும் அசையவில்லை, காரணம் தெரிவிக்கவும் என்று அவனைக் கேட்டது. அதைத் திருப்பித் தொடையோடு அழுத்திக்கொண்டான். அவனையும் ஏதோ ஒன்று எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது என்பது கிறிஸ்டினாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் ஃபில்டர் கேட்டு மூணு தடவ மெயில் போட்டேன்க்கா," என்றான். பட்டையைக் கேட்காமலேயே வெளியே போய், நடை பெஞ்சில் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் சூசையம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். கையில் கஞ்சித் தூக்கு. சத்யாவின் நெற்றியில் சிலுவை போட்டாள். கிறிஸ்டினாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்குப் பெரிய ஆளுங்க வராங்களாம். யார் யார் பட்டை மாத்துனதுனு கேக்கறதுக்கு."

"நான் சொல்லிக்கறேன்க்கா. நான் மட்டும்தான்னு."

"ஆமா, ஒன் ஒருத்தி கைய பாத்துட்டு வுட்டுடுவானுங்க." தூக்கைத் திறந்து கஞ்சியை ஆற்றினாள். ஆற்றிக்கொண்டே இருந்தாள். "வேன்ல பேசிக்கினு வந்தோம். எல்லாரும் கை தூக்கறதுனு. தண்ணி குடிக்காத கதையையும் சொல்றதுனு. வேன்ல எல்லாம் வாய் நல்லாதான் பேசுது. நாளைக்கு எத்தினி பேரு தூக்குவாளுங்கனு எனுக்குத் தெரியாது." நிமிர்ந்தாள். "நான் தூக்குவேன். ஒன்ன கம்முனு இருனு சொன்ன வாய்டி இது."

கிறிஸ்டினா கஞ்சியை வாங்கி ஒரு வாய் குடித்தாள். தொண்டை எரிந்தது. பிறகு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, முழுப் பாட்டிலையும், நிறுத்தாமல் குடித்தாள்.

கட்டிலில் சத்யாவின் கை அசைந்தது. கட்டுப் போட்ட கண்களோடு, விரிப்பின் மேல் விரல்களால் எதையோ துழாவினாள். கிறிஸ்டினா குனிந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சத்யாவின் விரல்கள் அவள் இடது மணிக்கட்டுக்கு ஏறின. பட்டையைத் தொட்டன. அங்கேயே நின்றன.

"எங்கிட்டதான்டி கீது," என்றாள் கிறிஸ்டினா. "நீ தூங்கு."

ஓய்ந்திருந்த கையில் பட்டை குறுகுறுத்தது. சத்யா திடுக்கிட்டு எழப் பார்த்தாள். கிறிஸ்டினா அவளை அமர்த்திவிட்டு, இடது கையால் அவள் தலைமுடியைக் கோத ஆரம்பித்தாள். நெற்றியிலிருந்து பின்னால், மறுபடி நெற்றியிலிருந்து பின்னால். அதிர்வு நின்றது. நடை பெஞ்சில் மனோஜின் மடியிலிருந்த விரிந்த கண்ணாடிக்குள், சத்யாவின் எண் மெதுவாகப் பச்சையானது.